முக்கோணமும் எண்ணும்: உறைகளின் மேலுள்ள மறுசுழற்சிக் குறிகளை வணிகர் படிப்பது எப்படி?



சரக்கு வந்து இறங்கியதும் நாம் என்னென்ன பார்க்கிறோம்? எடையைப் பார்க்கிறோம். அதிகபட்ச சில்லறை விலையைப் பார்க்கிறோம். காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். உணவுப் பொருளானால் உரிம எண்ணையும், சைவ அசைவப் புள்ளியையும் பார்க்கிறோம். இவையெல்லாம் நமக்குப் பழகிப் போனவை. ஆனால் அதே உறையின் அடியில் மூன்று அம்புகள் சுற்றி வரும் சிறு முக்கோணம் ஒன்றும், அதற்குள் ஓர் எண்ணும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே.

பார்க்காமல் இருந்ததற்கு நாமும் ஒரு முறை விலை கொடுத்திருக்கிறோம். தீபாவளி நெருக்கத்தில் கவர் வியாபாரி ஒருவர் நம் கடைக்கு வந்தார். பச்சை இலைப் படம் போட்ட பைகளைக் காட்டி, "இது மக்கும் பை அண்ணாச்சி, தடையில் வராது" என்றார். பையின் மேலும் '100 சதவீதம் மக்கும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நம்பி வாங்கினோம். பத்து நாளில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தனர். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சான்றிதழ் எண் எங்கே? தயாரித்தவர் பெயர் எங்கே?" என்று கேட்டனர். இரண்டும் இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் வெறுமனே 'பேக்கிங் சாமான்' என்று எழுதியிருந்தது. பைகளும் போயின, அபராதமும் கட்டினோம். விற்றவரின் தொலைபேசி அன்றிலிருந்து அடிக்கவே இல்லை.

அந்தப் பையில் இலைப் படம் இருந்தது; சட்டம் கேட்கும் குறி இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அன்று நமக்குத் தெரியவில்லை. அதை நம் உறுப்பினர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

மூன்று அம்புகள் வந்த கதை

1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதல் பூமி தினம் கொண்டாடப்பட்டது. அட்டைப்பெட்டி தயாரிக்கும் 'கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற நிறுவனம், மறுசுழற்சி செய்த காகிதத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்த படம் பரிசு பெற்றது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள் கொண்ட படம் அது. அந்தக் குறி யாருக்கும் தனியுரிமை இல்லாமல் பொதுச் சொத்தாகிவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும், எதன் மேல் வேண்டுமானாலும் அதை அச்சிட முடிந்தது. பின்னால் வந்த குழப்பத்தில் பாதிக்கு இதுவே காரணம்.

1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அம்பு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களை இட்டு ஒரு முறையை அறிமுகப்படுத்தியது. பிளாஸ்டிக் வகையைப் பிரித்தெடுக்கும் தொழிலாளி எளிதில் அடையாளம் காணவே அந்த எண் வந்தது. 'இந்தப் பொருள் மறுசுழற்சி ஆகும்' என்று வாடிக்கையாளருக்கு உறுதி கூற அது வரவில்லை. ஆனால் அம்பு முக்கோணத்தைக் கண்டவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2013இல் அமெரிக்கத் தர அமைப்பு எண்ணைச் சுற்றியிருந்த அம்புகளை நீக்கி, வெறும் முக்கோணமாக மாற்றியது. பழைய அச்சுகளில் வார்த்த பாட்டில்களும் டப்பாக்களும் இன்றும் அம்புகளோடு நம் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஏழு எண்கள்

எண் 1 - பெட். குடிநீர், குளிர்பான பாட்டில்கள். பழைய பொருள் கடைக்காரர் விரும்பி எடுப்பது. பாலியஸ்டர் நூலாக மறுபிறவி எடுக்கிறது.

எண் 2 - அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். ஷாம்பு, சலவைத் திரவ பாட்டில்கள், கேன்கள். இதுவும் நன்றாக விலை போவது.

எண் 3 - பி.வி.சி. குழாய்கள், ஒயர் உறை, மாத்திரை அட்டைகளில் சில. மற்ற வகைகளோடு கலக்கவே கூடாதது.

எண் 4 - அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். பால் கவர், சரக்குக் கட்டின் மேல் சுற்றி வரும் மெல்லிய தாள்.

எண் 5 - பாலிபுரொப்பிலீன். பாட்டில் மூடி, தயிர் டப்பா, அரிசியும் சர்க்கரையும் வரும் பின்னல் சாக்கு.

எண் 6 - பாலிஸ்டைரீன். தெர்மோகோல் தட்டு, கப், மின்சாதனப் பெட்டிக்குள் வரும் வெள்ளைக் கட்டி.

எண் 7 - மற்றவை. மேலே சொன்ன எதிலும் சேராதவையும், பல வகைகளை ஒட்டிச் செய்தவையும் இதில் அடங்கும்.

இதில் எண் 5ஐப் பற்றி ஒரு சொல். துணி போலவே மெத்தென்று இருக்கும் பைகளை 'துணிப்பை' என்று சொல்லி நம்மிடம் விற்கிறார்கள். அது பருத்தி அன்று, நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன். சந்தேகமானால் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த துணியில் நூல் நூலாக வரும். இதில் நாராகப் பிய்ந்து வரும். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இந்தப் பையும் இருக்கிறது.

எண் சொல்வதும் சொல்லாததும்

எண் என்ன பொருள் என்பதை மட்டுமே சொல்லும். அது நம் ஊரில் மறுசுழற்சி ஆகுமா, ஆகாதா என்பதை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அதை எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். இரண்டு, அதை வாங்கும் ஆலை வேண்டும். மூன்று, கொண்டுபோகும் செலவைவிட அதன் விலை கூடுதலாக இருக்க வேண்டும். தெர்மோகோலை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும். ஆனால் ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் அதில் பெரும்பகுதி காற்றுதான். ஆகவே எடுப்பார் இல்லை.

சிப்ஸ், மிக்சர், பிஸ்கட் பாக்கெட்டுகளின் நிலை இன்னும் கடினம். உள்ளே வெள்ளிபோல் மின்னும் உலோகப் பூச்சு, வெளியே அச்சிட்ட தாள், நடுவில் பசை என்று அடுக்கடுக்காக ஒட்டியவை அவை. ஈரமும் காற்றும் புகாமல் பண்டத்தைக் காப்பது இந்த அடுக்குகளே. பின்னால் பிரிக்க முடியாமல் செய்வதும் அவையே.

வகை பிரிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெட் பாட்டிலும் பி.வி.சி. பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தண்ணீரில் போட்டால் இரண்டுமே மூழ்கும். எண் 2, 4, 5 மிதக்கும். ஆகவே தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு 1ஐயும் 3ஐயும் பிரிக்க முடியாது. பெட் உருகுவதற்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு முன்பே பி.வி.சி. சிதைந்து அமில வாயுவை வெளியிடும். சில பி.வி.சி. பாட்டில்கள் கலந்தாலே பெட் சரக்கு பழுப்பேறித் தரம் கெட்டுவிடும். அடியில் இருக்கும் அந்தச் சிறு எண்ணைப் படிப்பவர் சரக்கைக் காப்பாற்றுகிறார். அது அழிந்தோ, அச்சாகாமலோ போனால் நஷ்டம் அவர் தலையில்.

முக்கோணம் அல்லாத வேறு குறிகள்

ஒன்றையொன்று தழுவி நிற்கும் இரண்டு அம்புகள் கொண்ட வட்டம்: ஜெர்மனியில் 1991ஆம் ஆண்டின் உறைச் சட்டத்தோடு பரவியது. 'பச்சைப் புள்ளி' என்று பெயர். வெளிநாட்டு சாக்லெட், பிஸ்கட் உறைகளில் காணலாம். உறையைச் சேகரிக்கும் அமைப்புக்குத் தயாரிப்பாளர் கட்டணம் செலுத்தியிருக்கிறார் என்பதே இதன் பொருள். மறுசுழற்சிக்கு இது உறுதி அன்று. நம் நாட்டின் சைவப் பச்சைப் புள்ளிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

குப்பைக் கூடையில் எதையோ போடும் மனித உருவம்: 'கண்ட இடத்தில் எறியாதீர்' என்ற வேண்டுகோள் மட்டுமே.

கோப்பையும் முள்கரண்டியும்: உணவு படுவதற்கு ஏற்ற பொருள் என்று குறிப்பது. மறுசுழற்சிக் குறி அன்று.

குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டி: பேட்டரி, மின்சாதனம் ஆகியவற்றின் மேல் வரும். சாதாரணக் குப்பையில் போடக் கூடாது என்பது பொருள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் இந்தக் குறியைக் கேட்கின்றன. மின்பொருள் வணிகர்கள் கவனிக்க.

இலை, மரம், உருண்டையான பூமி, 'ஈகோ', 'இயற்கைக்கு நண்பன்' என்ற வாசகங்கள்: இவற்றைத் தனியாகப் பார்த்தால் சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை. விளம்பரம் என்று கொள்க.

சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது?

மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. அதன் பின் பல முறை திருத்தப்பட்டுள்ளன. நமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் இங்கே தருகிறோம்.

பிளாஸ்டிக் கைப்பையில் தயாரிப்பாளர் பெயர், பதிவு எண், தடிமன் ஆகியவை இருக்க வேண்டும். மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் ஆன பையானால் அதைக் குறிக்கும் அடையாளம் இருக்க வேண்டும், ஐ.எஸ். 14534 என்ற இந்தியத் தரத்துக்கும் அது பொருந்த வேண்டும். பல அடுக்கு உறையில் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மக்கும் பையானால் அவ்வாறு குறித்திருப்பதோடு, சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரத்துக்குப் பொருந்த வேண்டும்.

இவ்வளவும் தயாரிப்பாளர் வேலைதானே என்று கேட்கலாம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். விதிப்படி குறியிடப்படாத பையிலோ உறையிலோ பொருளை விற்கும் சில்லறை வணிகரும் அபராதத்துக்கு உரியவர் என்று அதே விதிகள் சொல்கின்றன. தயாரித்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கடை வைத்திருப்பவர் எப்போதும் அதே இடத்தில்தான் இருப்பார்!

அடுத்து, தடிமன் பற்றிய குழப்பம். மத்திய விதிகளின்படி கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான். இதைக் காட்டி, '120 மைக்ரான் பை சட்டப்படி சரியானது' என்று வெளிமாநில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. நம் மாநில நிலை வேறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடிமன் வேறுபாடே கிடையாது. எத்தனை மைக்ரான் ஆனாலும் தடைதான். தரச் சான்று பெற்று, முறைப்படி குறியிட்ட மக்கும் கைப்பைக்கு அந்த ஆணையில் விலக்கு அளிக்கப்பட்டது. போலி மக்கும் பை பெருகியதற்கு அந்த ஒரே வாசலே காரணம்.

மக்கும் பை என்பதும் மண்ணில் விழுந்த வாழை இலை போன்றது என்று எண்ண வேண்டாம். உரம் தயாரிக்கும் ஆலையின் வெப்பமும் ஈரமும் கிடைத்தால்தான் அது முறையாக மக்கும். சாக்கடையில் கிடந்தால் மற்றப் பைகளைப் போல அதுவும் அடைத்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது நலம்.

சொந்தப் பெயரில் மசாலா, பருப்பு, தின்பண்டம் பாக்கெட் போடும் உறுப்பினர்களுக்கு: உறையில் உங்கள் பெயர் ஏறிய உடனே நீங்கள் 'பிராண்ட் உரிமையாளர்' என்ற நிலைக்கு வரக்கூடும். உறைக் கழிவைத் திரும்ப எடுக்கும் பொறுப்பும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிவும் அவர்களுக்கு உண்டு. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் நுண், சிறு நிறுவன அளவில் உள்ளவர்களை இந்த வரையறையிலிருந்து விலக்கின. நீங்கள் அந்த அளவுக்குள் வருகிறீர்களா என்பதை உங்கள் கணக்காயரிடம் கேட்டு, உரிய பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலை 1 முதல் இந்த விவரங்களைப் பார்கோடு அல்லது க்யூ.ஆர். குறியீட்டின் வழியாகத் தரவும் ஒரு திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே உறையில் எழுத்தாகக் காணாவிட்டால் குறியீட்டைக் கைபேசியில் படித்துப் பாருங்கள்.

கவர் வாங்கும்போது ஐந்து விதிகள்

1. படத்தைப் பார்க்காதீர்கள், பெயர், பதிவு எண் அல்லது சான்றிதழ் எண்ணைப் பாருங்கள்.

2. மக்கும் பை என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள். நகலில் உள்ள பெயரும் எண்ணும் பையில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. பில்லில் பொருளின் பெயர் முழுமையாக இருக்கட்டும். 'பேக்கிங் சாமான்' என்ற பில் நாளைக்கு உதவாது.

4. ஒவ்வொரு கொள்முதலிலிருந்தும் ஒரு பையைப் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

5. சந்தை விலையைவிட மிகவும் மலிவாக மக்கும் பை வந்தால், மலிவுக்குக் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

பிரிட்டனில் 2009இல் உறைகளுக்கு ஒரே மாதிரியான மறுசுழற்சி லேபிள் வந்தது. அதைக் கொண்டுவரத் துணிந்தது சில்லறை வணிகர்களின் கூட்டமைப்பே என்பது நாம் பெருமையோடு கவனிக்க வேண்டிய செய்தி. முதலில் 'பரவலாக மறுசுழற்சி ஆகும்', 'உங்கள் ஊரில் விசாரியுங்கள்', 'இப்போது ஆகாது' என்று மூன்று நிலைகள் இருந்தன. நடுவில் இருந்த 'விசாரியுங்கள்' என்பது மக்களைக் குழப்பியது. ஆகவே 2020இல் 'மறுசுழற்சிக்குப் போடு', 'போடாதே' என்று இரண்டாகச் சுருக்கினார்கள்.

ஜப்பானில் 2001 முதல் பிளாஸ்டிக் உறைக்கும் காகித உறைக்கும் தனித்தனி அடையாளம் சட்டப்படி கட்டாயம். கலிபோர்னியாவில் 2021இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். உண்மையில் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படாத பொருளின் மேல் அம்பு முக்கோணத்தை அச்சிடக் கூடாது என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உறை ஒழுங்குமுறை 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான லேபிளை அது 2028க்குக் குறித்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்பும் திருப்பூர் வணிகர்களும், அவர்களுக்குப் பாலிபை தருபவர்களும் இப்போதே இதில் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் 2022 முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் இது விரிந்தது. அந்தக் காலத்துச் சோடா பாட்டில் டெபாசிட்டும் இதே கணக்குத்தான். படிக்க எளிய குறியும், பின்னால் ஒரு சிறு பணமும் இருந்தால் பாட்டில் தானே திரும்பி வரும்.

கடைக்காரர் கேள்விகள்

கேள்வி: பக்கத்து ஊரில் செய்த முறுக்கு, வெறும் கவரில் லேபிள் இல்லாமல் வருகிறது. விற்கலாமா?
பதில்: கூடாது. செய்பவருக்குச் சொல்லி, உறையில் வேண்டிய விவரங்களைச் சேர்க்கச் செய்யுங்கள். உணவுச் சட்டத்துக்கும் அது தேவையே.

கேள்வி: பெயின்ட் டப்பாவின் அடியில் எண் 5 இருக்கிறது. பழைய கடைக்காரர் எடுக்க மறுக்கிறார். ஏன்?
பதில்: எண் சரிதான், உள்ளே ஒட்டிய சாயம் சரியில்லை. அழுக்கான சரக்கை எண் காப்பாற்றாது. கழுவி உலர்த்திய பொருளுக்கே மதிப்பு.

கேள்வி: முக்கோணம் இருக்கிறது, எண் இல்லை. என்ன வகை?
பதில்: எண் இல்லாத முக்கோணத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. அட்டைப்பெட்டியானால் கவலை இல்லை. அதை எல்லோரும் எடுப்பார்கள். பிளாஸ்டிக்கானால் தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

முடிவாக

ஒவ்வொரு கடையிலும் பின்கட்டில் மூன்று சாக்குகளை மாட்டிவிடலாம்: அட்டைக்கு ஒன்று, சுத்தமான தாள் கவர்களுக்கு ஒன்று, பாட்டில் டப்பாக்களுக்கு ஒன்று. கலந்து கொடுத்தால் குப்பை. பிரித்துக் கொடுத்தால் காசு. இது பையனுக்கு ஒரு நாளில் பழகிவிடும்.

ஆனால் நம் பொறுப்பு மட்டும் போதாது. ஒரு விரல்நுனி அளவு முக்கோணத்தை, அதுவும் உறையின் மடிப்புக்குள் அச்சிட்டுவிட்டு, படிக்கவில்லை என்று கடைக்காரருக்கு அபராதம் போடுவது நியாயம் அன்று. எல்லா உறைகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், தமிழிலும் படிக்கும்படி, 'இது என்ன பொருள், எங்கே போட வேண்டும்' என்ற இரண்டே விவரங்கள் வேண்டும் என்று கேட்போம். விலையும் எடையும் ஒரு காலத்தில் உறையில் இல்லாமல்தான் இருந்தன. கேட்டுக் கேட்டுத்தான் வந்தன. இதுவும் வரும்.

அதுவரை, அடுத்த முறை கவர் வியாபாரி கடைக்கு வந்தால் இலைப் படத்தை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். அன்று நாம் கட்டிய அபராதத்தை உறுப்பினர் எவரும் மறுபடி கட்ட வேண்டாம்.